துவர்ப்பு எதைப் பிடிக்கிறது

எங்கள் பெரிய அத்தைக்கு எழுபதைத் தாண்டியும் ஒரு பல்கூடச் சொத்தையில்லை. கல்மண்டபம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்த நாளிலிருந்தே வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் அவர் சுருக்குப் பையை விட்டு இறங்கியதில்லை. பேஸ்ட், பிரஷ் எதையும் தொட்டதில்லை. காலையில் கருவேலம் பட்டைப் பொடி, அப்புறம் நாள் முழுக்கப் பாக்கு. என் மகனுக்குச் சின்ன வயதிலேயே கடைவாய்ப் பல்லை அடைக்க வேண்டி வந்தபோது அவர் கேட்டார்: "இன்னா கண்ணு, பேஸ்டு பேஸ்டுன்னு காலீலயும் ராவுலயும் தேய்க்கிறீங்கோ. உங்க வூட்ல யாருக்குனா பல்லு ஒழுங்கா கீதா? துவர்ப்புதான் பல்லுக்குக் காவல். பாக்கு போடுற வாய்ல பூச்சி வராது."

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவும் இல்லை. ஏனென்றால் அவர் சொன்னதை ஒரேயடியாக மறுக்க முடியாது. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று படித்து வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும். தங்கசாலைப் பக்கம் எந்த நாட்டு மருந்துக் கடையில் போய்ப் பல்லுக்கு என்று கேட்டாலும் கை நீள்வது கருவேலம் பட்டை, கடுக்காய், மாசிக்காய், மாதுளை ஓடு, ஆலம் விழுது இவற்றின் பக்கம்தான். வாயில் போட்டுப் பார்த்தால் ஐந்தும் நாக்கை ஒரே மாதிரி இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடிப்புக்குக் காரணம் டானின். மரம், தன்னைத் தின்ன வரும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராகப் பட்டையிலும் காயிலும் இலையிலும் சேர்த்து வைக்கும் பொருள். அதன் முக்கியமான குணம் ஒன்று: புரதத்தைக் கண்டால் விடாமல் பிடித்துக்கொள்ளும். பாக்கு வாயில் பட்டதும் நாக்கு வறண்டு சொரசொரப்பாவது ஏன்? வாயை வழவழப்பாக வைத்திருக்கும் எச்சில் புரதங்களை டானின் சேர்த்துப் பிடித்துத் திரித்துவிடுகிறது, அதனால்தான்.

இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அத்தைக்குப் பதில் கிடைக்கும் என்று தோன்றியது. கிடைத்தது. ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை.

பல்லில் குடியேறுவது எப்படி

மகன் படிக்கும் பள்ளியில் ஒரு பல் முகாம் நடந்தது. அங்கே வந்த டாக்டரம்மா பிள்ளைகளின் பல்லில் ரோஜா நிறச் சாயத்தைத் தடவி, கொப்பளிக்கச் சொல்லி, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். காலையில் தேய்த்துவிட்டு வந்த பல்தான். இருந்தும் ஈறு ஓரமாக ஒரு கோடு, பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் திட்டுத் திட்டாக, கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அடர்த்தியாகச் சிவப்பு. நகத்தால் சுரண்டினால் வெண்ணெய்ப் பதத்தில் வந்தது. அதுதான் பிளாக், கிருமிகள் கூடிக் கட்டும் படலம். வெறும் அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த பெற்றோர் எல்லோரும் கொஞ்சம் பதறித்தான் போனோம்.

பல்லைத் தேய்த்து முடித்த சில நிமிடத்திலேயே எச்சில் புரதங்கள் எனாமலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. அந்தப் படலத்தில்தான் கிருமிகள் வந்து ஒட்டும். அவற்றில் சொத்தைக்கு முக்கியமான ஆள் ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் லண்டனில் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்து அடையாளம் காட்டினார். இதன் சாமர்த்தியம் சர்க்கரையில் இருக்கிறது. நாம் சாப்பிடும் சர்க்கரையை குளுக்கோசில்டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதியால் உடைத்து, தண்ணீரில் கரையாத பசையாக மாற்றிக்கொள்ளும். அந்தப் பசையில் தானும் ஒட்டி, மற்ற கிருமிகளையும் ஒட்ட வைத்துக் கூட்டுக் குடித்தனம் நடத்தும். மிச்சச் சர்க்கரையை அமிலமாக்கும். பல்லின் மேல் பி.எச்., அதாவது அமிலம் ஏற ஏறக் குறையும் அளவு, 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைத் திரும்பச் சரிசெய்யும். அதற்குள் அடுத்த மிட்டாய் வந்துவிட்டால் சரிசெய்ய நேரம் இருக்காது. தேய்த்து எடுக்காத பிளாக் சில நாளில் கல்லாக இறுகத் தொடங்கும். அதற்கப்புறம் பிரஷும் வேலைக்காகாது, பொடியும் வேலைக்காகாது. டாக்டர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

டானின் இதில் எங்கே நுழைகிறது? நொதி என்பதும் புரதம்தான். கிருமி பல்லைப் பற்றிக்கொள்ள நீட்டும் கொக்கிகளும் புரதம்தான். டானின் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. பசை தயாராவது குறைகிறது, ஒட்டுவதும் குறைகிறது. கிருமிக்கு வேண்டிய இரும்புச் சத்தையும் டானின் பிடித்து வைத்துக்கொள்ளும். செறிவு கூடினால் கிருமியின் மேலுறையும் பழுதாகும். கடுக்காய்ச் சாறு மியூட்டன்ஸ் வளர்வதையும், சர்க்கரை தரும் பசையால் அது ஒட்டுவதையும், ஒன்றோடொன்று சேர்ந்து திரள்வதையும் தடுக்கிறது என்று 1999இலேயே நம் நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. 2011இல் வெளியான இன்னொன்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு 0.6 சதவீதத் திரிபலா நீரைக் கொப்பளிக்கக் கொடுத்து, பல் டாக்டர்கள் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடினோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பிளாக்கையும் ஈறு வீக்கத்தையும் குறைப்பதில் திரிபலா நல்ல பலன் தந்தது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றிலுமே டானின்தான் பிரதானம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இது கொல்வதை மட்டுமே நம்பிய வைத்தியம் இல்லை என்பது. வாயில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் உண்டு. பாதிக்கு மேல் நமக்கு உபகாரம் செய்பவை, அல்லது சும்மா இருப்பவை. எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டுவது நோக்கமாக இருக்கவே கூடாது. ஒட்டவிடாமல் செய்தாலே பாதி வேலை முடிந்தது. மீதியைப் பிரஷும் எச்சிலும் பார்த்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் டீயையும் சொல்லியாக வேண்டும். தேயிலையில் இதே வகைப் பொருள் நிறைய. ஃப்ளூரைடும் உண்டு. அப்படிப் பார்த்தால் நாளைக்கு ஐந்து கிளாஸ் டீ குடிக்கும் வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குப் பல் வலியே வரக்கூடாது. ஆனால் நம் டீயில் பால் இருக்கிறது. பாலின் கேசீன் புரதம் வாய்க்குள் போவதற்கு முன்பே டானினைப் பிடித்துக்கொள்கிறது. பால் விட்டதும் துவர்ப்பு அடங்கிவிடுவது அதனால்தான். அதன்மேல் இரண்டு ஸ்பூன் சர்க்கரை வேறு, நேராக மியூட்டன்ஸுக்குச் சாப்பாடு. டானின் எதைப் பிடிக்கும் என்பது அதற்கு முதலில் எது அகப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இதை அப்போது தேநீரைப் பற்றிய செய்தியாக மட்டும்தான் எடுத்துக்கொண்டேன்.

வலையும் தோலும்

வடசென்னைக்குத் துவர்ப்பு புதிதல்ல. காசிமேட்டில் வயதான மீனவர் யாரிடமாவது நைலான் வருவதற்கு முந்தைய நூல் வலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். பருத்தி வலை கடலுக்குப் போய் வந்தால் எவ்வளவு காயவைத்தாலும் உள்ளுக்குள் மக்கிப்போகும் என்பார். "அதுக்குத்தான் பட்டையப் போட்டுக் காய்ச்சி, வலைய அந்தத் தண்ணில ஊற வெப்போம். ஊறி எடுத்தா செவசெவன்னு ஆய்டும். அப்புறம் நாள் தாங்கும்." நூலை அரித்துத் தின்னும் கிருமிகளைப் பட்டையின் டானின் அண்டவிடாமல் வைத்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வலை ஊறும் பானை இருந்ததாம். இன்றைக்கு அந்த வாசனையை அறிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள்.

இன்னொரு துவர்ப்பு பெரியமேட்டில். எங்கள் நைனா அங்கே ஒரு தோல் கிடங்கில் கணக்கு எழுதினார். மாதவரம் பக்கத் தொட்டிகளுக்கும் போய் வருவார். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் மதராசிலிருந்து கப்பலேறிய காலத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடி நீக்கிய பச்சைத் தோலை அப்படியே விட்டால் இரண்டே நாளில் நாறி அழுகிவிடும். அதையே பட்டைச் சாற்றில் படிப்படியாகச் செறிவைக் கூட்டி ஊறவைத்தால், தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரத நார்களை டானின் ஒன்றோடொன்று கட்டிப் போடும். அப்புறம் கிருமியால் அதைக் கரைக்க முடியாது. கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டால் நிறம் தெளியும். குரோம் உப்பு வந்தபின் ஒரு நாளில் முடிகிற வேலைக்கு அன்றைக்கு வாரக்கணக்கில் ஆனது. "அவசரப்பட்டா மேல மட்டும் புடிக்கும், நடுவுல பச்சையா நிக்கும். நேரம் குடுக்கணும். நேரம் குடுத்தா முழுசா ஏறிடும்" என்பது நைனாவின் வாக்கு.

போன வருஷம் அத்தைக்குச் சாப்பாட்டில் காரம் சேரவில்லை. மிளகாய் கொஞ்சம் கூடினாலும் வாயெல்லாம் எரிகிறது என்று ரசம் சோறோடு நிறுத்திக்கொண்டார். வெயில் சூடு, வயிற்றுப் புண் என்று ஆளாளுக்குச் சொன்னோம். ஒருநாள் இட்லியை விண்டு வாயில் வைப்பதற்குப் பதில், விரலால் தட்டையாக்கி உள்ளே தள்ளுவதை நைனாதான் கவனித்தார். மறுநாளே நாங்கள் மூவரும் பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் முதலில் பல்லைப் பார்த்தார். கறுத்துப் போன, உறுதியான, ஓட்டையில்லாத பல். அத்தை என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் டாக்டர், "இன்னும் பெருசா திறங்கம்மா" என்றார். திறந்தவரை அவ்வளவுதான். அத்தையின் இரண்டு விரல்களை நெடுக்காக அடுக்கி வைத்தார், அவையே இறுக்கமாகத்தான் நுழைந்தன. கன்னத்தின் உள்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் எங்களுக்குக் காட்டினார். சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துப்போய்ப் பளிங்குக் கல் நிறத்தில் இருந்தது. உறை போட்ட விரலை உள்ளே விட்டுத் தடவியபடி, மேலிருந்து கீழாக நார் நாராக ஓடுகிறது, அமுங்கவே இல்லை என்றார். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள் கன்னத்துச் சதையில் கொலாஜனை அளவுக்கு மீறி உண்டாக்குகிறது. சாதாரணமாக உடம்பே பழைய கொலாஜனைக் கரைத்து அப்புறப்படுத்திவிடும். ஆனால் பாக்கின் டானின் அந்த நார்களைக் கட்டிப் போடுவதால் கரைக்கும் நொதி அதன்மேல் வேலை செய்ய முடிவதில்லை. உண்டாவது கூடி, கரைவது நின்றுபோனால் கன்னம் இறுகத்தானே செய்யும்.

நைனா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "பச்சைத் தோலு பதமாகுற மாதிரியா டாக்டர்?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "கிட்டத்தட்ட அதேதான் ஐயா" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் ஓர் இடத்தில் வந்து சேர்ந்தது. அத்தை சொன்ன காவல் உண்மைதான். வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்குச் சொத்தை குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் சில உண்டு, ஈறு நோய் அவர்களுக்கு அதிகம் என்பதும் கூடவே வரும். பல்லைக் காத்ததும் கன்னத்தை இறுக்கியதும் ஒரே குணம். டானினுக்குக் கிருமியின் நொதி என்றும் மனுஷக் கன்னம் என்றும் வித்தியாசம் தெரியாது. அதற்குத் தெரிந்தது புரதம். ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பினால் அது பல்லின் மேலுள்ள படலத்தோடும் எச்சிலோடும் போய்விடும். கன்னத்தில் அடக்கி வைத்து மணிக்கணக்கில் ஊறவிட்டால், அதுவும் பாக்கின் சொரசொரப்பு சதையைக் கீறி வழிவிட்டால், உள்ளே இறங்கும். நைனா சொன்னாரே, நேரம் கொடுத்தால் முழுசாக ஏறும் என்று.

பாக்கை டானின் பெயரால் காப்பாற்றக் கூடாது

ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த வாய் இறுகும் நோயை முதலில் எழுதி வைத்தவர் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர், 1952இல், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் பார்த்து. கடல் கடந்து போனவர்கள் பாக்கையும் கொண்டுபோனார்கள், நோயும் கூடப் போனது. வாய் இறுகுவதோடு நிற்காது. இறுகிய இடத்தில் புற்று வர வாய்ப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெறும் பாக்கையே மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் வைத்துவிட்டது. "நான் பொகல போடுறதில்லையே" என்று அத்தை டாக்டரிடம் சொன்னபோது இதைத்தான் அவர் விளக்கினார். இறுகிய நார் பழையபடி ஆகாது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம், பயிற்சியாலும் மருந்தாலும் கொஞ்சம் தளர்த்தலாம், அவ்வளவுதான். அத்தை நிறுத்திவிட்டார். சுலபமாக இல்லை, ஆனால் நிறுத்திவிட்டார்.

எனக்கு இப்போது அத்தையைவிட மாவா போடும் பையன்களைப் பற்றித்தான் கவலை. பாக்குத் தூளும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்துப் பொட்டலமாகக் கட்டி விற்பது. 2013இலிருந்து குட்காவுக்கும் இதற்கும் தடை என்று ஊருக்கே தெரியும், எங்கே கிடைக்கும் என்பதும் ஊருக்கே தெரியும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. ராத்திரி தூங்காமல் இருக்க டிரைவர்களும் கிளீனர்களும் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார்கள். இருபது வயதுப் பையன் பாணிபூரியை முழுசாக வாயில் போட முடியாமல் உடைத்துத் தின்பதைப் பார்த்திருக்கிறேன். அவனிடம் பேசினால் "பாக்கு நேச்சுரல்தானே அண்ணே" என்கிறான். வாட்ஸாப்பில் சுற்றும் 'பல்லுக்கு டானின் நல்லது, பேஸ்ட் எல்லாம் கெமிக்கல்' என்ற செய்திகள் அவன் கைக்கும் வந்து சேர்கின்றன. இயற்கை, கெமிக்கல் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் பாக்கு நல்லவன் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பிரிவினையே எனக்குக் கோபமூட்டுகிறது. டானினும் கெமிக்கல்தான். எதைப் பிடிக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது, கூட என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் கடுக்காய் இருக்கிறது. கொட்டை நீக்கிய தோலைத்தான் வாங்குகிறேன், கடுக்காய்க்கு அகநஞ்சு என்பதைக் கடைக்காரரும் மறக்கமாட்டார். பொடியில் ஒரு சின்ன ஸ்பூன் எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பிவிடுவது. இரும்புச் சட்டியில் காய்ச்சக் கூடாது. டானினும் இரும்பும் சேர்ந்தால் நீர் மை மாதிரிக் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து எழுதும் மையே செய்தார்கள். விழுங்கவும் வேண்டாம், சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தையும் அது இதே போலப் பிடித்துக்கொள்ளும், ரத்த சோகை உள்ளவர்களுக்கு ஆகாது. நாள்பட்டால் பல்லில் லேசாகக் கறை ஏறலாம், குளோர்ஹெக்சிடினுக்கும் அந்தத் தொல்லை உண்டு. அப்புறம், மகன் ஃப்ளூரைடு பேஸ்டில் இரண்டு வேளை தேய்ப்பதை நிறுத்தவில்லை. கரைந்த எனாமலைத் திரும்பக் கட்ட ஃப்ளூரைடு உதவும், அந்த வேலை டானினுக்குத் தெரியாது. இறுகிய கல்லையும் எந்தக் கஷாயமும் கரைக்காது.

உங்கள் வீட்டில் பாக்கோ மாவாவோ போடுகிறவர் இருந்தால், இன்றைக்கே அவருடைய ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நெடுக்காக நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டால் எரிகிறது என்றாலோ, கடுக்காயைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பாரிமுனைக்கு பஸ் ஏறினால் அரசு பல் மருத்துவக் கல்லூரி பக்கம்தான். போய் வாயைக் காட்டச் சொல்லுங்கள்.